ஒன்று புள்ளி பதினொன்று

மூங்கிலாற்று அணையின் கண்ட்ரோல் ரூமில் பாடம் கேட்க உட்கார்ந்தபோது மாசானமுத்துவுக்கு வயது ஐம்பத்து நான்கு. சொல்லிக்கொடுத்த கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு.

அவர் இருபத்தெட்டு வருடம் ஷட்டர் மெக்கானிக்காக இருந்தவர். சங்கிலி நழுவி இடது கையில் இரண்டு விரல் போனது. இனிக் கனம் தூக்க வேண்டாம் என்று கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே பச்சை எழுத்துத் திரையோடு இரண்டு பழைய யூனிக்ஸ் மெஷின்கள் இருந்தன. ஒன்று முதன்மை. அது படுத்துவிட்டால் வேலையை எடுத்துக்கொள்ள இன்னொன்று. மழையளவையும் நீர்மட்டத்தையும் கொடுத்தால், அணைக்கு எவ்வளவு தண்ணீர் வரும், எத்தனை ஷட்டர் திறக்க வேண்டும் என்று அவை கணக்குப் போட்டுச் சொல்லும்.

முதல் நாள் மாசானமுத்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.

“உக்காருங்க அண்ணாச்சி,” என்றார் ஜெசிந்தா.

“நீங்க சொல்லித்தாரவங்க. உங்களுக்குச் சமமா உக்காரலாமா, டீச்சர்?”

“நின்னுக்கிட்டு டைப் அடிக்க முடியாது.”

உட்கார்ந்தார்.

ஜெசிந்தா கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல மாட்டார். எதையாவது செய்துபார்க்கச் சொல்வார். மாசானமுத்துவுக்கு அது சங்கடமாக இல்லை. ஸ்பேனர் பிடிக்கவும் அவர் அப்படித்தான் கற்றிருந்தார்.

மூன்றாவது வாரம் ஷெல் பற்றிய பாடம். நாம் தட்டுகிற கட்டளையை வாங்கி மெஷினிடம் சேர்ப்பது ஷெல். ஒருவர் உள்ளே நுழைந்ததும் அது முதலில் ஒரு ஃபைலைப் படிக்கும். எந்தப் புரோகிராம் எந்த இடத்தில் இருக்கிறது, எதை ஓட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த ஃபைலில்தான் எழுதியிருக்கும். ஜெசிந்தா அதைத் திறந்து காட்டினார். முதல் வரி இது:

# @(#)profile 1.6 KRV

மாசானமுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற வரிகளுக்கெல்லாம் ஓரளவு பொருள் பிடிபட்டது. இந்த வரியில் கண் வழுக்கியது.

“வரியில முதல்ல இந்த வேலிக் குறி இருந்தா ஷெல் அதைப் படிக்காதுன்னு சொன்னீங்க.”

“படிக்காது.”

“மெஷின் படிக்காத வரியை மெஷினுக்குள்ள எதுக்கு எழுதி வைக்கணும்?”

ஜெசிந்தா பென்சில் முனையால் திரையில் @(#) என்ற இடத்தைத் தொட்டார்.

“இந்த நாலு குறியும் இதே வரிசையில வேற எங்க வருதுன்னு பாத்துட்டு வாங்க.”

“எங்க போய்ப் பாக்க?”

“எழுத்து இருக்கிற இடமெல்லாம்.”

மாசானமுத்து ஒரு சீட்டில் நாலு குறியையும் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகும்போது கடைப்பலகைகளைப் பார்த்தார். பேப்பரை முதல் பக்கத்திலிருந்து டெண்டர் விளம்பரம் வரை பார்த்தார். குக்கருக்குக் கொடுத்த கேரண்டி அட்டையைப் பார்த்தார். மகளின் பாலிடெக்னிக் கணக்குப் புத்தகத்தில் விநோதமான குறிகளெல்லாம் இருந்தன. இந்த நாலும் சேர்ந்து இல்லை. அவர் மனைவி பேச்சியம்மாள் மாத்திரை எடுக்க வந்தபோது அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கண்ணு தெரியலன்னா கண்ணாடிய மாத்துங்க. என் மாத்திரையில என்ன தேடுதீய?” என்றாள் பேச்சியம்மாள்.

மூன்றாம் நாள் வந்து சொன்னார்.

“இல்ல டீச்சர். ஒவ்வொண்ணும் தனித்தனியா எங்கயாவது வருது. நாலும் சேந்து எங்கயும் இல்ல.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“மாத்திரை அட்டை வரைக்கும் பாத்துட்டேன்.”

“இதைக் கண்டுபிடிச்சவரும் அப்படித்தான் தேடியிருப்பார். தற்செயலாக்கூட எங்கயும் வந்துரக் கூடாதுன்னு பொறுக்கி எடுத்த நாலு குறி.”

“எதுக்கு?”

ஜெசிந்தா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினார்.

“‘வாட்’னு ஒரு கட்டளை இருக்கு. ‘என்ன’ன்னு அர்த்தம். அதை அடிச்சு, பக்கத்துல இந்த ஃபைல் பேரை அடிங்க.”

மாசானமுத்து ஒற்றை விரலால் அடித்தார். திரையில் ஒரு வரி வந்து நின்றது: profile 1.6 KRV.

“என்னன்னு கேட்டேன். பேரு சொல்லுது.”

“ஆமா.”

“அந்த நாலு குறியைத் தேடிப்போய், அதுக்குப் பின்னால இருக்கிறதை எடுத்துட்டு வருது. அப்படித்தான?”

“இப்ப எல்லாத்தையும் சேத்துக் கேளுங்க. ஃபைல் பேருக்குப் பதிலா ஒரு நட்சத்திரம் போடுங்க.”

போட்டார்.

திரை ஓட ஆரம்பித்தது. ஒவ்வொரு ஃபைலும் பதில் சொன்னது. பெயர், ஒரு எண், சிலவற்றில் வருடம், சிலவற்றில் எழுதியவர் பெயரின் முதலெழுத்துகள் இரண்டு மூன்று. எண்பத்து மூன்று என்று ஒன்று வந்தது. எண்பத்தாறு என்று ஒன்று. தொண்ணூறுகள் வந்தன. வரிகள் மேலே ஏறி மறைந்துகொண்டே இருந்தன. நிற்கும் என்று மாசானமுத்து நினைத்த இடத்தில் நிற்கவில்லை.

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“டீச்சர், இதுல புரோகிராமும் பேசுதே. அதைப் போன வாரம் திறந்து காட்டினீங்க. ஒரே குப்பையாத்தான இருந்தது?”

“ஆமா. மனுஷன் எழுதினதை மெஷின் தனக்கு ஏத்த மாதிரி அரைச்சு வச்சிருக்கு. நம்மளால படிக்க முடியாது.”

“அரைச்ச மாவுக்குள்ளயும் பேரு இருக்கா?”

“அந்த நாலு குறியும் பின்னால இருக்கிற பேரும் மட்டும் அரைபடாம கிடக்கும்.”

திரை ஓடி முடிந்து, கட்டளைக்குக் காத்திருக்கும் சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“பெரிய வறட்சியில ஒருதரம் அணை அடிவரைக்கும் வத்திப்போச்சு,” என்றார் மாசானமுத்து. “சேத்துல இறங்கி அடிமதகைப் பாக்கப் போனேன். அடிக்கல்லுல கொத்தனார் வெட்டின குறி இருந்தது. ஆளுக்கொரு குறி. ஒருத்தர் மீன், ஒருத்தர் சூலம். அம்பது வருஷமாத் தண்ணிக்குள்ள. அன்னைக்கு எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இப்பவும் அப்படித்தான் இருக்கு.”

ஜெசிந்தா கேட்டுக்கொண்டிருந்தார்.

“நாம கேட்டாத்தான் சொல்லுமா, டீச்சர்?”

“கேட்டாத்தான்.”

“யாரும் கேக்கவே இல்லன்னா?”

“கேக்கிற வரைக்கும் இருக்கும்.”

*

ஐப்பசி கடைசியில் ஜெசிந்தா பயிற்சிக்காக மதுரைக்குப் போயிருந்தார். அந்தத் திங்கட்கிழமை முதன்மை மெஷினின் டிஸ்க் செத்துப்போனது. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து புது டிஸ்க் போட்டார்கள். பீரோவில் இருந்த பழைய டேப்பிலிருந்து புரோகிராம்களை எடுத்து ஏற்றினார்கள். உள்நுழையும்போது ஷெல் படிக்கிற அந்த ஃபைல் டேப்பில் கெட்டுப்போயிருந்தது. அதைப் புதிதாகவே எழுதிவிட்டார்கள்.

மாசானமுத்து பின்னால் நின்று பார்த்தார்.

“சார், மேல ஒரு வரி இருக்குமே.”

“அது வெறும் கமெண்ட் பெரியவரே. அது இல்லாமலே ஓடும்.”

ஓடியது. புதன்கிழமை வரை மூன்று நாளும் இரண்டு மெஷின்களும் ஒரே எண்ணைத்தான் சொல்லின. மாசானமுத்துவுக்கு மனதில் ஏதோ உறுத்தியது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் பிடித்த மழை வியாழக்கிழமையும் விடவில்லை. மலை இருந்த இடமே தெரியவில்லை. காலை பத்து மணிக்கு ஜெசிந்தா மதுரை பஸ்ஸிலிருந்து இறங்கி, நனைந்த சேலையோடு நேராகக் கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். அப்போது அணையில் தண்ணீர் நூற்றுப் பன்னிரண்டு அடி. நூற்றுப் பதினெட்டுதான் முழு அளவு.

“டீச்சர், வந்துட்டீங்களா,” என்றார் மாசானமுத்து. “இதைப் பாருங்க.”

முதன்மை மெஷின் ஐந்து ஷட்டர் திறந்தால் போதும் என்றது. மாற்று மெஷின் ஒன்பது என்றது.

செயற்பொறியாளர் இளம்பரிதி குடையை மடக்காமலே உள்ளே வந்தார். வேலூர்க்காரர். இந்த அணைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எது சரி?”



அவருக்கு அந்தக் கேள்வியின் கனம் தெரிந்திருந்தது. ஒன்பது ஷட்டர் திறந்தால் ஆற்றங்கரையில் அறுநூறு வீடுகளுக்குள் தண்ணீர் புகும். ஐந்து போதாமல் போனால் சாயங்காலத்துக்குள் தண்ணீர் மண்கரையைத் தாண்டி வழியும். மண்கரை அறுத்துக்கொண்டால் கீழே ஊர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

“முதன்மை மெஷினைத்தானே நம்பணும்?” என்றார். “டிஸ்க் புதுசு. எல்லாம் புதுசா ஏத்தியிருக்காங்க. இன்னொன்னு தூசி பிடிச்சுக் கிடந்தது.”

“ஒரு நிமிஷம் சார்,” என்றார் ஜெசிந்தா. மாசானமுத்துவைப் பார்த்தார். “அண்ணாச்சி, கேளுங்க.”

“யார்கிட்ட கேக்கச் சொல்றீங்க?” என்றார் இளம்பரிதி.

மாசானமுத்து அதற்குள் உட்கார்ந்துவிட்டார். நீர்வரத்தைக் கணக்குப் போடும் புரோகிராமுக்கு ‘வரத்து’ என்று பெயர். முதன்மை மெஷினில் அதைக் கேட்டார். என்ன?

varathu 1.9 KRV

நாற்காலியை நகர்த்தி மாற்று மெஷினில் அதே கேள்வியைக் கேட்டார்.

varathu 1.11 KRV PULI



“அப்ப முடிஞ்சு போச்சு,” என்றார் இளம்பரிதி. “ஒன்னு புள்ளி ஒம்பதுதான் பெருசு. ஒன்னு புள்ளி ஒன்னு ஒன்னு அதைவிடச் சின்னது. புதுசு முதன்மை மெஷின்லதான் இருக்கு. அஞ்சு திறங்க.”

ஜெசிந்தா மாசானமுத்துவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாசானமுத்து எழுந்தார். அதிகாரியின் முன்னால் மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

“ஐயா, அது புள்ளிக் கணக்கு இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“நம்ம ஷட்டர்ல நம்பர்த் தகடு அடிச்சிருக்கும். முதல் வரிசை ஒம்பதாவது ஷட்டர்ல ஒண்ணு புள்ளி ஒம்பது. அதுக்கடுத்தது ஒண்ணு புள்ளி பத்து. அதுக்கடுத்தது ஒண்ணு புள்ளி பதினொண்ணு. இருபத்தெட்டு வருஷம் அந்தத் தகட்டுக்குக் கீழதான் கிரீஸ் வச்சேன். பதினொண்ணு ஒம்பதுக்கு அந்தாண்டதான் இருக்கு.”

“ஆமா சார்,” என்றார் ஜெசிந்தா. “அங்க இருக்கிறது ஒன்பதாவது திருத்தம். இங்க இருக்கிறது பதினொண்ணாவது திருத்தம். அவங்க பழைய டேப்பை ஏத்திட்டுப் போயிட்டாங்க.”

இளம்பரிதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“சரி. பதினொன்னுதான் புதுசு. புதுசுங்கிறதால அது சரின்னு ஆயிடுமா? கடைசியாத் திருத்தினவர் தப்பாத் திருத்தியிருந்தா? அறுநூறு வீடு மேடம். அந்தப் புலி என்ன? அது எதுக்குப் பதினொன்னுல மட்டும் இருக்கு?”

“தெரியாது சார்,” என்றார் ஜெசிந்தா.

மாசானமுத்து திரும்பி அவரைப் பார்த்தார். டீச்சர் தெரியாது என்று சொல்லி அவர் அதுவரை கேட்டதில்லை. ஜெசிந்தா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார்.

மாசானமுத்து திரையில் அந்த நாலு எழுத்தையும் மறுபடி படித்தார். உதடு அசைந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“புலிச்சோலை.”

“என்னது?”

“புலிச்சோலை ஓடை, ஐயா. மலைக்கு அந்தப் பக்கம் விழுந்து வீணாப் போய்க்கிட்டிருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால மலையைக் குடைஞ்சு அதை நம்ம அணைக்குத் திருப்பிவிட்டாங்க. சும்மா நாள்ல அதுல காலு நனையாது. ஒரு ராப்பகல் விடாமப் பெஞ்சா குகை நிறைஞ்சு வரும்.” முதன்மை மெஷினைக் காட்டினார். “ஒம்பதாவது திருத்தம் அதுக்கு முந்தி எழுதினதா இருக்கும். அந்த மெஷினுக்குப் புலிச்சோலைத் தண்ணி வாரது தெரியாது ஐயா. அதான் குகை நிறையாத மூணு நாளும் ரெண்டும் ஒண்ணு போலச் சொல்லிச்சு.”

“நிச்சயமாவா?”

“குகை வாயைப் போய்ப் பாத்தாத் தெரியும். நம்ம ஆத்துத் தண்ணி கறுப்பா வரும். புலிச்சோலைத் தண்ணி செவப்பு.”

இளம்பரிதி பைனாகுலரை எடுத்துக்கொண்டார். மூன்று பேரும் அணையின் மேல் நடந்தார்கள். மழை பக்கவாட்டில் அடித்தது. நடுவில் நின்று மாசானமுத்து வடக்கு மூலையைக் காட்டினார். இளம்பரிதி கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

பைனாகுலரே தேவைப்படவில்லை. மலையடிவாரத்திலிருந்து செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு நீண்டு நீர்த்தேக்கத்தில் பாதி தூரம் வந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமாகிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்கவில்லை.

“ஒரே வார்த்தை,” என்றார், தனக்குள் சொல்வதுபோல. “ஒரே ஒரு வார்த்தையை எழுதி வச்சிட்டுப் போயிருக்கார்.”

“ஒம்பது,” என்றார் இளம்பரிதி. ஃபோனை எடுத்தார். தாசில்தாரிடம் பேசினார், ஒன்றரை மணி நேரத்தில் கரையோரம் காலியாக வேண்டும் என்றார். பேசி முடித்துத் திரும்பினார்.

“மாசானமுத்து, உங்க வீடு எங்க?”

“முதல் தெரு ஐயா. ஆத்தைப் பாத்த வரிசை.”

“ஒம்பது திறந்தா?”

“இடுப்பளவு வரும்.”

இளம்பரிதி தன் ஃபோனை அவரிடம் நீட்டினார்.

“பேச்சியம்மா,” என்றார் மாசானமுத்து. “மாட்டை அவுத்து விட்டுட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. ஒண்ணையும் எடுக்காத. ஏன்னு கேக்காத, போ.”

சங்கு ஊதியது. கீழே ஊரில் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். பன்னிரண்டே காலுக்கு முதல் ஷட்டர் எழும்பியது. மாசானமுத்து கண்ட்ரோல் ரூமை விட்டு வெளியே போகவில்லை. தரையில் உள்ளங்கையை வைத்து ஒவ்வொரு ஷட்டரும் தூக்குகிற அதிர்வை எண்ணினார். ஒன்பதாவது முழுசாக எழும்பி நின்றபோது கையை எடுத்தார்.

தண்ணீர் அப்போதும் ஏறியது. நூற்றுப் பதினைந்து. நூற்றுப் பதினாறு. நாலு மணிக்கு நூற்றுப் பதினேழேகால். அங்கே நின்றது. அரைமணி நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரு விரற்கடை இறங்கியது.

கீழே அறுநூறு வீடுகளில் தண்ணீர் புகுந்தது. வீடுகளில் ஆள் யாரும் இல்லை.

*

நாலு நாள் கழித்து, வீட்டுச் சேற்றை வாரிப்போட்டுக் கழுவிவிட்டு மாசானமுத்து வேலைக்கு வந்தார். நகக்கண்ணில் சேறு இருந்தது. ஜெசிந்தா பதினொன்றாவது திருத்தத்தை முதன்மை மெஷினுக்கும் மாற்றியிருந்தார்.

இளம்பரிதி பழைய பணியாளர் பதிவேடுகளைத் தருவித்துத் தேடியிருந்தார். அவரே வந்து சொன்னார்.

“கே.ஆர்.வி.ன்னு யாரும் இல்ல. தற்காலிகமா வந்து போன யாராவதா இருக்கும். முழுப்பேர்கூடக் கிடைக்கல.”

அவர் போன பிறகும் மாசானமுத்து வேலையைத் தொடங்கவில்லை.

“டீச்சர்.”

“சொல்லுங்க அண்ணாச்சி.”

“குகை திறந்த வருஷம் குகை வாயில அளவுகோல் நட்டது நான்தான். அப்ப ஒரு ஆள் வருவார். கறுப்புக் குடை பிடிச்சுக்கிட்டு, பேண்டை முழங்காலு வரைக்கும் மடிச்சுவிட்டுக்கிட்டு நிப்பார். எத்தனை நாள் மழைக்கு எந்தக் கோடு வரைக்கும் தண்ணி வருதுன்னு கேப்பார். நான் சொல்லுவேன். சிகரெட் அட்டையைக் கிழிச்சு அதுல எழுதிக்கிடுவார். ஒரு மாசம் வந்திருப்பார்.”

“அவர்தானா?”

“தெரியலயே. முகத்தை நினைச்சு நினைச்சுப் பாக்கேன், குடைதான் வருது. பேரைக் கேக்கணும்னு அன்னைக்குத் தோணல.” மெஷின் பக்கம் திரும்பினார். “நான் சொன்ன அளவு இந்தப் பதினொண்ணுக்குள்ள இருக்குமா, டீச்சர்?”

“அரைச்ச மாவைப் பிரிச்சுப் பாக்க முடியாது, அண்ணாச்சி.”

மாசானமுத்து மூன்று விரல் கையை மெஷினின் மேல் வைத்தார். அது இளஞ்சூடாக இருந்தது. அவர் கண் கலங்கியதை ஜெசிந்தா பார்க்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்று அவர்கள் ஷெல் ஃபைலைச் சரி செய்தார்கள். இரண்டு மெஷின்களும் ஒரே புரோகிராமை ஓட்டும்படியும், ஓட்டும் முன் இரண்டிலும் உள்ள எண்ணைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கும்படியும் மாசானமுத்துவே நாலு வரி எழுதினார். இரண்டு தடவை தப்பாகி மூன்றாவது தடவை ஓடியது.

“திருத்தம் உங்களுது,” என்றார் ஜெசிந்தா. “மேல வரி நீங்கதான் எழுதணும்.”

“நானா?”

“வேற யாரு?”

மாசானமுத்து கோடு போட்ட தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். மதியச் சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். மூன்று மணிக்குத் தாளின் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தது. செத்த டிஸ்க், பழைய டேப், ஐந்துக்கும் ஒன்பதுக்கும் வந்த வித்தியாசம், புள்ளிக் கணக்கு இல்லை என்பது, செந்தண்ணீர், இளம்பரிதி ஐயா நம்பியது, குடை பிடித்த மனிதர், அவர் பெயர் தெரியாமல் போனது, தயவுசெய்து இந்த வரியை யாரும் அழிக்க வேண்டாம் என்பது எல்லாம் அதில் இருந்தன.

ஜெசிந்தா அதை வாங்கி உட்கார்ந்து படித்தார். ஒருமுறை படித்து முடித்து மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

“தப்பா இருக்கா டீச்சர்?”

“ஒரு எழுத்துகூடத் தப்பில்ல.”

“கூடிப்போச்சோ?”

ஜெசிந்தா தாளை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். தன் பென்சிலையும் அதன்மேல் வைத்தார்.

“இந்த ரெண்டு பக்கத்தையும் அவசரத்துல தேடிவந்து படிக்கிறவருக்கு, அன்னைக்குத் தண்ணி எத்தனாவது அடியில நிக்கும் அண்ணாச்சி?”